வழிச்செல்வோர்க்கு வெந்நீர்

உருளும் வண்டியையே இல்லமாகக் கொண்டு வாழ்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. உப்பு வாணிகராகிய உமணர் தம் குடும்பத்தோடு நெடுவழி சென்றமையைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது. காடிக்கலம் வண்டியிலே கட்டப்பட்டிருந்ததும், கைக்குழந்தையுடைய மாது எருதுகளைச் செலுத்தியதும் அந்நூலுட் காணலாம்.

இன்றும் அத்தகைய வாழ்வினர் உளர். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையினின்றும் கேரளத்திற்குச் சரக்கேற்றிச் செல்லும் வண்டியோட்டிகளே அவர். என் சிறிய தந்தையார் அவருள் ஒருவர். இரவெல்லாம் ஓட்டி, விடியலிற் சரக்கை இறக்கி, பகலில் வண்டியிலேயே உறங்கி, இரவில் திரும்புவார். முதுகுநோவு மிகுந்தபோது, நாள்தோறும் இளவெந்நீரிற் குளிக்குமாறு மருத்துவர் பணித்தார். வழியில் வாழ்பவர்க்கு வெந்நீர் ஏது? கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய காரவான் சுற்றுலாத் திட்டத்தில், உல்லாசப் பயணிகளுக்குப் படுக்கை, அடுக்களை, குளியலறை யாவும் வண்டிக்குள்ளேயே அமைகின்றன. அந்நாட்டிற்குக் காய்கறி சுமந்து செல்வோர்க்கோ ஒரு வாளி வெந்நீரும் அரிதாகின்றது.

"வண்டிக்குள்ளே சிறிய எரிவாயு அடுப்பொன்று வைத்துக்கொள்ளலாமே" என்றார் அவர். "வேண்டா, சித்தப்பா" என்றேன். அடைத்த இடத்தில் அடுப்பெரியின் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு தோன்றக்கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். மின்கலத்தை நாடினாலும் இடரே. 20 லிட்டர் நீரை 25 பாகையினின்று 40 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தின் கொள்ளளவோ 1.2 யூனிட்டே. அதனிற் கால் பங்கிற்கும் மேலாக நீருக்குச் செலவிட்டால், பின்னர் எஞ்சின் கிளம்புமோ என்னும் அச்சம் எழும்.

எஞ்சியவன் கதிரவனே. 8 அடி நீளமும் 4 அங்குல விட்டமும் உடைய பிளாஸ்டிக் குழாயொன்று ஏறக்குறைய 20 லிட்டர் நீர் கொள்ளும். அதன் இரு முனைகளையும் அடைத்து, கருநிறம் பூசி, ஒருபுறம் சற்றே தாழுமாறு வண்டியின் கூரைமேல் இரும்புப் பட்டைகளால் இறுக்கினோம். உயர்ந்த முனையில் நீர் ஊற்ற ஒரு திருகுமூடி. தாழ்ந்த முனையில் ஒரு திருகுகுழாய். அதனின்று தொங்கும் ரப்பர்க் குழாயின் நுனியில் பூவாளி முகம். பம்பு வேண்டா, உயரமே நீரைத் தள்ளும். ஆனால் குளிக்கும்போது மூடியைத் தளர்த்தல் வேண்டும். காற்றுப் புகாவிடின் நீர் ஒழுகாது. ஓடும் வண்டியிற் காற்றுச் சூட்டைக் கவர்ந்துவிடும். நிற்கும் வண்டியிலோ, தெளிந்த வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் நீர் இளஞ்சூடாகின்றது. கோடையில் தண்ணீர் கலந்தே ஆடவேண்டும். மழைநாளில் இதனாற் பயனில்லை. வண்டியின் பின்புறம் தார்ப்பாயைத் திரையாக்கினால் குளியலறையும் ஆயிற்று.

நோவு முற்றும் நீங்கிற்றென்று சொல்லேன், குறைந்தது. ஆயினும் யான் எண்ணாத நன்மையொன்று விளைந்தது. சரக்கிறக்கும் ஊரில் ஒரு தேவாலயம் உண்டு. லெந்து நாள்களில் மாலை ஆராதனைக்கு மணி ஒலிக்கும்போதெல்லாம், வியர்வை நாறும் உடலோடு எங்ஙனம் உட்புகுவதென்று பல்லாண்டு வண்டியிலேயே அமர்ந்திருந்தவர் அவர். ஒருவரும் அவரைத் தடுத்ததில்லை, நாணமே தடுத்தது. இவ்வாண்டு குளித்து, தூய வெள்ளாடை உடுத்து, உள்ளே சென்று மற்றையோரோடு அமர்ந்தார். "பாட்டு மலையாளம், ராகம் நமக்குத் தெரிந்ததுதான், தம்பி" என்று வீட்டிற்கு வந்து மகிழ்ந்துரைத்தார்.

வெந்நீர் செல்வர்க்குரிய இன்பம் என்று எண்ணுவார் பலர். உழைத்து அலுத்த ஒருவன் பிறரோடு கூசாது அமர்வதற்கு அது துணையாயின், அதனை இன்பமென்று மட்டும் ஒதுக்கலாமோ? தம் சீடருடைய கால்களைக் கழுவிய ஆண்டவர், வழிநடந்தார் உடலின் அழுக்கை அற்பமென்று எண்ணினாரல்லர்.

சத்திரம் என்பது வழிப்போக்கர்க்கு உண்டியும் உறையுளும் ஈயும் அறச்சாலை. அப்பெயரைத் தாங்கிய நம் ஊரிற் சந்தையருகே, கதிரவனால் நீர் காயும் குளியலறைகள் சில வண்டியோட்டிகளுக்கென எழுதல் வேண்டும். கதிரவன் கூலி கேளான். குழாயும் கூரையுமே நாம் தரவேண்டுவன.