கலங்கி வரும் நீர்

நுழையும்முன்

பணிக்கான நேர்காணலில் எல்லா வினாக்களும் பாடநூலிலிருந்தே எழுவதில்லை. சில வினாக்கள் நம்மைத் திகைக்க வைக்கின்றன. அவற்றின் பொருள் சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தே விளங்குகிறது. அத்தகைய வினா ஒன்றை நெடுநாள் மனத்தில் சுமந்த ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இக்கட்டுரை.

இராஜபாளையத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை, தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைகிறது. அங்கே காட்டாற்றின் கரையில் நீர்காத்த அய்யனார் கோவில் அமைந்துள்ளது. கோடையில் அந்த ஆறு பாறைகளுக்கிடையே மெல்லிய ஓடையாக நெளியும். மழைக்காலத்தில் நொடிப்பொழுதில் உருமாறும். இதை நான் சிறுவயது முதலே அறிவேன். ஆனால், அறிந்திருந்தேன் என்பதே எனக்கு நினைவில்லாமல் போன நாள் ஒன்று உண்டு.

திகைக்க வைத்த வினா

1994ஆம் ஆண்டு, தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். தொல்காப்பிய நூற்பாக்களையும் சங்க இலக்கியத் துறைகளையும் இரவு பகலாகப் படித்திருந்தேன். தலைமையாசிரியர் கேட்ட இலக்கண வினாக்களுக்குத் தடையின்றி விடையளித்தேன். மேசையின் ஓரத்தில் கதர்ச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் அதுவரை பேசாமல் அமர்ந்திருந்தார். இறுதியாக அவர் கேட்டார்:

“தம்பி, முப்பது பிள்ளைகளை அய்யனார் கோவிலுக்கு அழைத்துப் போகிறீர்கள். அவர்கள் ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல வெயில். தண்ணீர் மட்டும் சற்றுக் கலங்கி வருகிறது. என்ன செய்வீர்கள்?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். புதுப்புனலைப் பற்றிப் பேச இது நல்வாய்ப்பு என்று எண்ணினேன். பரிபாடலில் வையையின் வெள்ளம் மலையிலிருந்து மலர்களையும் தழைகளையும் சுமந்து வரும் அழகை விரிவாக எடுத்துரைத்தேன். முதியவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும், “பாட்டு நன்றாயிருக்கிறது தம்பி. பிள்ளைகள் இன்னும் ஆற்றில்தான் நிற்கிறார்கள்” என்றார்.

அந்தப் பணி எனக்குக் கிடைக்கவில்லை. ‘தமிழாசிரியருக்கும் ஆற்று வெள்ளத்திற்கும் என்ன தொடர்பு?’ என்று பல நாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

நினைவைச் சோதிப்பதா, மனிதரை அறிவதா?

பின்னாளில் நேர்காணல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தாமஸ் ஆல்வா எடிசன் தம்மிடம் பணிபுரிய விரும்பிய பட்டதாரிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களைக் கொண்ட தேர்வொன்றை வைத்தார். பிரான்சு நாட்டின் எல்லையிலுள்ள நாடுகள் எவை என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. 1921ஆம் ஆண்டு அவ்வினாக்கள் செய்தித்தாளில் வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பின. அவ்வாண்டு அமெரிக்காவிற்கு வந்திருந்த ஐன்ஸ்டீனிடம், எடிசன் தேர்வைக் குறிப்பிட்டு ஒலியின் வேகம் என்னவென்று வினவினர். நூல்களில் எளிதாகக் கிடைக்கும் செய்திகளைத் தாம் மனத்தில் சுமப்பதில்லை என்று அவர் விடையளித்தார்.

விந்தையான வினாக்கள் அனைத்தும் சிறந்தவை என்று கொள்வதற்கில்லை. ஒரு விமானத்திற்குள் எத்தனை கோல்ஃப் பந்துகளை அடைக்கலாம் என்பது போன்ற புதிர்களைக் கேட்கும் வழக்கம் கணினி நிறுவனங்களில் பரவியிருந்தது. கூகுள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிற்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக், அத்தகைய புதிர்கள் காலவிரயமே என்று 2013ஆம் ஆண்டு வெளிப்படையாகக் கூறினார். ஒருவர் பணியில் எவ்வாறு செயல்படுவார் என்பதை அவை காட்டவில்லை. கேட்பவர் தம்மை அறிவாளியாக எண்ணி மகிழவே உதவின என்பது அவர் கருத்து. கடினமான சிக்கல் ஒன்றை நீங்கள் முன்பு எவ்வாறு தீர்த்தீர்கள் என்று கேட்பதே பயன்தரும் என்றும் அவர் கூறினார்.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றும் நினைவிற்கு வருகிறது. பெங்களூரில் ‘நந்தி’ என்னும் காற்றுமெத்தை ஊர்தியை உருவாக்கிய குழுவை அப்துல் கலாம் வழிநடத்தினார். ஒருநாள் அதனைக் காண வந்த ஒருவர், ஊர்தியைப் பற்றிப் பல வினாக்களைக் கேட்டார். பின்னர், “என்னை இதில் ஏற்றிச் செல்ல முடியுமா?” என்றார். கலாம் அவரை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். வந்தவர் அறிவியலறிஞர் எம்.ஜி.கே. மேனன். ஒரு வாரத்தில், விண்வெளி ஆய்வுக் குழுவின் நேர்காணலுக்குக் கலாமுக்கு அழைப்பு வந்தது. மும்பையில் நடந்த அந்த நேர்காணலில் விக்ரம் சாராபாயும் மேனனும் இருந்தனர். சாராபாயின் வினாக்கள் தம்மிடம் ஏற்கெனவே இருந்த அறிவை அளக்கவில்லை. தம்மால் இனி என்ன இயலும் என்பதையே தேடின என்று ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் கலாம் நினைவுகூர்கிறார்.

திருவள்ளுவரும் இதற்கென ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை வகுத்துள்ளார். ஒருவருடைய கல்வியை மட்டுமன்றி, ஆசையும் அச்சமும் குறுக்கிடும் வேளையில் அவர் எவ்வாறு நிற்பார் என்பதையும் ஆராயச் சொல்கிறார். இவற்றைப் படித்தபோது, கதர்ச் சட்டை முதியவர் மீதிருந்த என் சினம் சற்றே தணிந்தது. முழுமையாகத் தணிந்தது ஆற்றங்கரையில்தான்.

ஆறு கேட்ட வினா

வேறொரு பள்ளியில் ஆசிரியராகிச் சில ஆண்டுகள் கழிந்தபின், ஐப்பசி மாத ஞாயிறு ஒன்றில் முப்பத்திரண்டு மாணவர்களுடன் அய்யனார் கோவிலுக்குச் சென்றேன். முழங்காலளவு நீரில் அவர்கள் விளையாடிக்கொண்டிருந்தனர். வானம் தெளிந்திருந்தது. மலையின் உச்சியை மட்டும் மேகம் மூடியிருந்தது.

“ஐயா, இலையும் சுள்ளியுமா வருது” என்றான் ஒரு மாணவன். குனிந்து பார்த்தேன். பாதம் தெரிந்த நீரில் பாதம் தெரியவில்லை. அந்தப் பழைய குரல் என் செவியில் ஒலித்தது. “எல்லாரும் கரைக்கு வாங்க! துணியை விட்டுட்டு வாங்க!” என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறினர். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொருவரே இருந்தனர். ஒருவன் கோவில் பக்கத்து மறுகரையில், கையில் செருப்புடன் ஆற்றில் இறங்க முற்பட்டுக்கொண்டிருந்தான். “வராதே! அங்கேயே மேலே ஏறு!” என்று கையசைத்தேன். அவன் ஒரு கணம் தயங்கினான். பின்னர் திரும்பி மேலேறினான்.

கால் மணி நேரத்திற்குள் நாங்கள் அமர்ந்திருந்த பாறைகள் செந்நீரில் மறைந்தன. மலையின் மேலே பெய்த மழையை, கீழே காய்ந்த வெயிலில் நாங்கள் அறிந்திருக்கவில்லை. மாலையில் வெள்ளம் வடியும்வரை அந்த மாணவன் கோவிலில் இருந்தான். நான் இக்கரையில் நின்றிருந்தேன். மலையுச்சி மேகத்தைக் கண்டும் பிள்ளைகளை நீரில் இறங்கவிட்டதற்காக அன்று என்னையே நொந்துகொண்டேன்.

புதுப்புனல் தழைகளைச் சுமந்து வரும் என்பதை நேர்காணலிலேயே நான் சொல்லியிருந்தேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. கற்றதற்கும் கண்முன் நிற்கும் பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த தொலைவையே அந்த முதியவர் அளந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர் பணிக்கு அதனினும் பொருத்தமான வினா வேறில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் நேர்காணல் அறைகளில் அமரப்போகிறீர்கள். நான் இப்போது சில வேளைகளில் மேசையின் மறுபக்கம் அமர்கிறேன். எதிர்பாராத வினா எழும்போது, அறிந்த ஒன்றை வலிந்து ஒப்பிப்பவர்களைக் காண்கிறேன். “எனக்குத் தெரியாது; ஆனால் இன்னாரைக் கேட்டு அறிவேன்” என்று தயங்காமல் சொல்பவர்களையும் காண்கிறேன். பிந்தையவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்க எனக்கு அச்சமில்லை.

அந்த முதியவரை நான் மீண்டும் சந்திக்கவே இல்லை. சந்தித்திருந்தால், காலந்தாழ்ந்த என் விடையைக் கூறியிருப்பேன்: “பாட்டை அப்புறம் சொல்கிறேன் ஐயா, முதலில் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுகிறேன்.”