விடியா

கோவைப் பட்டறைகளில் லேத்தின் வெட்டுமுனைக்கு ‘விடியா’ என்றுதான் பெயர். புலராத ஒன்று எனப் பொருள்படும் எதிர்மறைச் சொல் இரும்பு வேலைக்குள் எப்படி நுழைந்தது என்று நெடுநாள் வியந்திருக்கிறேன். வைரம் போல என்னும் பொருளுடைய ‘வீ டியாமன்ட்’ என்ற ஜெர்மன் தொடரின் சுருக்கம் அது. விளக்கிழைக்கான டங்ஸ்டன் கம்பியை இழுக்கும் அச்சுக்காக 1923-இல் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடைக் கோபால்ட்டால் பிணைத்தார். க்ரூப் நிறுவனம் அதை 1920-களின் பிற்பகுதியில் அப்பெயரில் விற்றது.

வார்ப்பிரும்பை அநாயாசமாகக் கடைந்த அம்முனை எஃகின்முன் தோற்றது. கடுஞ்சூட்டில் உரசிச் செல்லும் எஃகுச் சுருள் டங்ஸ்டன் கார்பைடைத் தன்னுள் கரைத்துக்கொள்ள, முனையில் குழி விழுந்தது. அதற்குக் கண்ட தீர்வு, டைட்டானியமும் சேர்ந்த கலப்புக் கார்பைடு.

அது உருவாகும் விதம் ஒரு தமிழாசிரியனைக் கட்டிப்போடக்கூடியது. டைட்டானியம் ஆக்சைடு, டங்ஸ்டன் கார்பைடு, கரித்தூள் மூன்றையும் கலந்து சுமார் 2000 பாகை செல்சியசில் சுடுகிறார்கள். கரி ஆக்சிஜனைக் கவர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேற, டைட்டானியம் கார்பைடு பிறக்கிறது. டங்ஸ்டன் அணுக்கள் அதன் படிகத்துள் ஒவ்வொன்றாகக் குடியேறுகின்றன. இந்தக் கார்பைடுகள் உருகுவதில்லை. திண்மம் திண்மத்துள் கரைகிறது. சிறிய கார்பன் அணுக்கள் இடுக்குகளில் விரைந்து ஓடுகின்றன. உலோக அணுக்களோ காலியிடம் பார்த்து மெல்ல நகர்கின்றன. ஆகவேதான் இத்தனை சூடும் இத்தனை காத்திருப்பும். உயிரும் மெய்யும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வியப்பு: டைட்டானியம் கார்பைடு டங்ஸ்டனைத் தாராளமாக ஏற்கிறது; டங்ஸ்டன் கார்பைடின் படிகமோ டைட்டானியத்தை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. மெய்ம்மயக்கம் நடத்தும்போது, டகர மெய்யை அடுத்துக் ககரம் வரும், ககர மெய்யை அடுத்து டகரம் வாராது என்கிறோமே, அதே ஒருவழிப் பாதை.

என் தந்தை முப்பதாண்டுகள் லேத் ஓட்டியவர். எஃகுத் தண்டு கடைகையில் முனை குழிந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். கை சரியில்லை என்பது குற்றச்சாட்டு. எல்லா வேலைக்கும் வார்ப்பிரும்புக்கான முனையையே அங்கே தந்தார்கள். “என்ற கை இல்லீங்க, ஸ்டீலு தின்னுபோடுதுங்க” என்று அவர் சொன்னதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வேதியியலும் அதையேதான் சொல்கிறது, சற்று நீட்டி. அவர் இப்போது இல்லை. பிடித்த கூலி திரும்பாது. அவர் சொன்னது மெய் என்பதையாவது இங்கே எழுதிவைக்கிறேன்.