வட்டவளையிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

வட்டவளையில் மழை பெய்யாத நாளைக் காண்பது அரிது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் ஊர். அப்படி ஒரு மழை நாளில்தான் எங்கள் மதரஸாப் பிள்ளை ஒருவனின் வாப்பா விமானச் சீட்டின் நகலோடு என்னிடம் வந்தார். வீட்டு வேலைக்காக ஜித்தா போயிருந்த மனைவி நான்கு வருடங்களுக்குப் பிறகு வருகிறார்.

"வியாழன் ராத்திரி 11 மணிக்கு வாறாங்க ஹஸரத்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அது ஜித்தாவில் புறப்படும் நேரம். கொழும்பில் இறங்குவது வெள்ளி காலை 7 மணி. சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். இது தெரியாமல் ஒரு நாள் முந்திப் போய், ஆளைக் காணாமல் அழுதுகொண்டு நின்ற குடும்பங்களை நான் அறிவேன்.

அவர் கேட்டுக்கொண்டதால் நானும் கூடச் சென்றேன். 1884இல் ஹட்டனை எட்டிய அந்தப் பழைய பாதையில் ரயில் கலபொட, நாவலப்பிட்டி என்று வளைந்து வளைந்து இறங்கியது. கொழும்புக் கோட்டைக்குச் சுமார் 160 கிலோமீற்றர்தான். ஐந்து மணி நேரத்திற்கு மேல் பிடித்தது.

"ஜித்தா இதைவிடத் தூரமா ஹஸரத்?" என்று மகன் கேட்டான்.

நேர்கோட்டில் சுமார் 4,650 கிலோமீற்றர் என்றேன். விமானம் அதை ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் கடந்துவிடும். காற்றின் போக்குக்கேற்பச் சற்றுக் கூடும், குறையும். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் வரலாம் என்றால் உம்மா ஏன் பெருநாளைக்குக்கூட வரவில்லை என்றான். வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டுநாயக்கவில் நாங்கள் கஸ்ர் தொழுதோம். ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு அளவு தூரமே, நேரமன்று. ஏறத்தாழ 82 கிலோமீற்றர். விமானம் அதை ஐந்தாறு நிமிடத்தில் கடந்தாலும் அதிலிருப்பவர் பயணிதான். கண நேரத்தில் கடந்தாலும் சட்டம் அதுவே என்று விமானம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஃபிக்ஹு நூல்கள் எழுதிவிட்டன.

பையன் தூங்கவில்லை. "உம்மா இப்ப ஏறிட்டாவா?" என்று நள்ளிரவில் கேட்டான். நமக்கு 12 என்றால் அங்கே ஒன்பதரை. இரண்டரை மணி நேர வித்தியாசம். நமக்கு ஒன்றரை ஆகும்போதுதான் அங்கே 11. ஒன்றரைக்கு அவனே என்னைத் தட்டி, "இப்ப" என்றான். சுபஹு தொழுதபோது அரபிக் கடலின் மேல் இருப்பார் என்று சொன்னேன். அதன்பிறகு துஆவில் அவன் கையை இறக்கவே இல்லை.

எட்டரைக்கு உம்மா வெளியே வந்தார். அவ்வளவு நேரம் கணக்குப் பார்த்த பிள்ளை வாப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். போகும்போது அவனுக்கு ஐந்து வயது. பஸ்ஸில் அவிசாவளை தாண்டிய பிறகுதான் உம்மாவின் மடியில் தலை வைத்தான்.

ஜித்தாவிலிருந்து அவர் பறந்து வந்த நேரத்தைவிட, கட்டுநாயக்கவிலிருந்து வட்டவளை சேர எங்களுக்கு அதிக நேரமானது. இறங்கும்போது மழை.