ஒரு யானை போதும்

நவம்பர் 4
நாள் முழுக்க மூடுபனி. விரல் விறைக்கிறது. மேசைப் போர் விளையாட்டுக்கு என் பொம்மைப் படை கார்த்தேஜ்தான். முடிவு. எதிரே ஆடும் ஈப்போக்காரன் ரோமை எடுத்துக்கொள்ளட்டும். டிசம்பர் 1 வருகிறான். உருவங்களை ஒட்ட 12 பேஸ். 15 மில்லிமீட்டர் உருவங்கள் போதும், விலை குறைவு.

நவம்பர் 5
இல்லை. 28 மில்லிமீட்டர். முகம் தெரியாத படை எனக்கு எதற்கு? "பொம்மைக்கா இவ்வளவு வெள்ளி?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை. பொம்மை என்கிற சொல் நெஞ்சில் தைத்தது.

நவம்பர் 7
இரவு ஷிப்ட். தேயிலை வாட்டுத் தொட்டிகளுக்கு நடுவே படைக் கணக்கு: ஹனிபாலோடு குதிரை 1. லிபிய ஈட்டிக்காரர் 3. நுமிதியக் குதிரை 2. ஐபீரியர் 2. கோல்காரர் 2. பலியாரிக் கவண்காரர் 1. யானை 1. எத்தனை மொழி! இங்கேயும் பக்கத்தில் நேப்பாளி, எதிரே வங்காளதேசி, மண்டோர் தமிழ். 16 வருஷம் இப்படிப்பட்ட படையை இத்தாலியில் வைத்திருந்தான் ஹனிபால், அது அவனை எதிர்த்துக் கலகம் செய்யவே இல்லை. அதற்கு முன்னால், கி.மு. 241இல், சிசிலியிலிருந்து திரும்பிய கூலிப்படைக்குக் கூலி கொடுக்காமல் கார்த்தேஜ் இழுத்தடித்தது. அவர்களோடு மூன்று வருஷத்துக்கு மேல் போர். கூலி பாக்கி வைத்தால் அப்படித்தான் ஆகும்.

நவம்பர் 9
யானைக்கு அம்பாரி வேண்டுமா? வட ஆப்பிரிக்க யானை சின்னது, தாங்காது என்கிறார்கள். தாங்கும் என்றும் சொல்கிறார்கள். வேண்டாம். முதுகு வெறுமையாக இருக்கட்டும்.

நவம்பர் 10
தூக்கம் இல்லை. ஹனிபாலின் யானைகள் ரோன் ஆற்றைக் கடந்த கதை. மிதவை மேல் மண் பரப்பி, இரண்டு பெண் யானைகளை முன்னால் நடத்தி, மற்றவற்றை ஏமாற்றி ஏற்றினார்கள். நடு ஆற்றில் மிரண்டு சில குதித்துவிட்டன. தும்பிக்கையைத் தூக்கி மூச்சு விட்டு அவை கரையேறின. அவற்றின் பாகர்கள் மூழ்கிப்போனார்கள். வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அவர்களைக் குறிக்கும் சொல் 'இந்தியர்'. 37 யானை என்று எண்ணிக்கை இருக்கிறது. பாகர் எத்தனை பேர்? ஒரு பெயர்கூட இல்லை. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அவர் பெயராவது ஒரு தாளில் இருந்திருக்கும்.

நவம்பர் 11
'இந்தியர்' என்ற அந்தச் சொல்லுக்கு வெறும் பாகன் என்றுதான் பொருளாம், எந்த ஊர்க்காரனாக இருந்தாலும். எரிச்சல். பட்டியலை மடித்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 12
சூரஸ்! கார்த்தேஜ் படையில் ஒரு தந்தம் உடைந்த யானை. ரோம எழுத்தாளர் பிளினியின் நூலில் இருக்கிறது, கேட்டோவை மேற்கோள் காட்டி. பெயருக்குச் சிரியாக்காரன் என்று பொருள். அப்படியானால் சிரியா வழியாக வந்த இந்திய யானையாக இருக்கலாம். சின்னக் காது. கி.மு. 217இல் சதுப்புநிலம் தாண்டும்போது மிஞ்சியது ஒரே யானை, அதன் மேல்தான் ஹனிபால். அங்கேதான் அவனுக்கு ஒரு கண் போனது. அந்த யானை சூரஸ்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். சின்னக் காது யானை கேட்டுக் கடைக்கு எழுதிவிட்டேன். இந்திய யானைக்கு இந்தியப் பாகன்.

நவம்பர் 17
பார்சல் வந்தது. அட்டை நனைந்திருந்தது, உள்ளே பத்திரம். யானை கனம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டே தே குடித்தேன்.

நவம்பர் 18
பிரைமர் மாவு மாதிரி படிந்துவிட்டது. ஈரக்காற்று. சுரண்டினேன். அழுகை வந்தது.

நவம்பர் 19
பிரஷ்ஷால் பூசினேன். காயவில்லை.

நவம்பர் 20
காயவில்லை. பனி.

நவம்பர் 22
ஐபீரியருக்கு வெள்ளை அங்கி, செவ்வூதாக் கரை. அவள் எட்டிப் பார்த்தாள். "வேட்டிக் கரை மாதிரி இருக்கு." பிரஷ்ஷை வாங்கி ஒன்றுக்குக் கரை போட்டாள். என்னுடையதைவிட நேராக இருந்தது. இருவரும் வெகுநேரம் பேசவில்லை. நல்ல இரவு.

நவம்பர் 24
பாகன் தோல் நிறம். பெட்டிப் படத்தில் இருப்பது இல்லை. மூன்று கலவை. முதல் இரண்டும் பொய். மூன்றாவது அப்பாவின் புறங்கை. கவாத்து வெட்டி வெட்டி, வெயிலும் சாயமும் ஏறிய கை. சாவதற்கு முன் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25
காயவில்லை. முதுகு வலி. இரவு ஷிப்ட்.

நவம்பர் 27
பாகன் கையில் உளியும் கொட்டாப்புளியும். யானை மிரண்டு சொந்தப் படையை மிதித்தால் பிடரியில் உளியை வைத்து அடித்துக் கொல்ல வேண்டும். கி.மு. 207, மெட்டாரஸ் ஆற்றங்கரைப் போர். அன்று எதிரி கொன்றதைவிடப் பாகர் கொன்ற யானைகள்தான் அதிகம் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. வளர்த்த கை. உளியையும் கொட்டாப்புளியையும் வெட்டி எடுத்தேன். கம்பியை வளைத்து அங்குசம். யானையின் ஒரு தந்தத்தையும் நறுக்கினேன். கை நடுங்கியது.

நவம்பர் 29
குடித்த தேயிலைத் தூளைக் காயவைத்துப் பேஸில் பசை தடவித் தூவினேன். சருகு மூடிய காட்டுத்தரை. வேறு எதுவும் இவ்வளவு பொருந்தாது. பாகன் கை இன்னும் ஒட்டுகிறது. தொடவில்லை.

டிசம்பர் 1
சிம்பாங் பூலாய் பாதையில் பேய் மழையாம். ஈப்போக்காரன் வரவில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் வெயில். யானையை ஜன்னலில் வைத்தேன். 11 பேஸ் பாக்கி. பாகன் காய்ந்துவிட்டான்.