குரூப் போட்டோ

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபர் பழக்கதோஷத்தில், 'குழந்தைங்கள்லாம் முன்னாடி வந்து உட்காருங்க' என்றார். வந்தது ஒரே ஒரு பெண் குழந்தை. பின்னால் நாற்காலிகளில் என்னையும் சேர்த்து 11 கிழங்கள். 84 வயசு அம்மா என் காதில், 'மத்த குழந்தைங்கள்லாம் எங்கேடா?' என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து இரண்டு பழைய படங்களை எடுத்தேன். 1956-ல் எங்கள் அத்தை கல்யாணம். தரையில் மட்டும் 23 வாண்டுகள். மற்றது அதே காலத்தில் என் மனைவி வீட்டில் எடுத்தது. குழந்தைகள் நாலே பேர். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பம். வழியில் இளவட்டங்கள் பலரைப் பறிகொடுத்தவர்கள். இரண்டும் வேறு வேறு தேசம் போல இருந்தன. இன்றைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யார் வீடு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

இது தற்செயல் இல்லை. பின்னால் ஒரு தேற்றம் இருக்கிறது. பயப்படாதீர்கள், காபியை வைத்தே சொல்லிவிடலாம்.

இரண்டு தெருக்கள். ஒவ்வொன்றிலும் 100 வீடு. முதல் தெருவில் எல்லோரும் காபி. இரண்டாவதில் எல்லோரும் டீ. முதல் வருஷம் காபி வீடுகளில் 100-க்கு 10 டீக்கு மாறுகின்றன, டீ வீடுகளில் 100-க்கு 20 காபிக்கு. இப்போது காபி வீடுகள் 90, 20. அடுத்த வருஷம் காபித்தூள் விலை ஏறுகிறது. காபியை விடுவது 30, பிடிப்பது 10. கணக்குப் போட்டால் 64, 22. மூன்றாம் வருஷம் விடுவது 20, பிடிப்பது 30. இப்போது 62, 41. வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்: 100, 70, 42, 21. எந்தத் தெருவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆனால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை இரண்டும் மறந்துகொண்டு வருகின்றன.

நாளைய நிலைமையைச் சொல்ல இன்றைய நிலைமை போதும், நேற்றைய சரித்திரம் வேண்டாம் என்கிற இந்தச் சங்கிலி, ரஷ்யாவின் மார்க்கோவ் 1906-ல் ஆரம்பித்தது. வருஷா வருஷம் விதி மாறினாலும் மறதி உண்டு என்பதை ஜான் ஹஜ்னல் 1958-ல் விரிவாக எழுதினார். ஜனத்தொகைக்கும் அப்படித்தான் என்று ஆன்ஸ்லி கோல் 1957-ல் ஊகித்தார். அல்வாரோ லோபஸ் 1961-ல் நிரூபித்தார். வெவ்வேறு வயசுக் கலவையோடு புறப்பட்ட இரண்டு ஜனங்கள், ஒரே மாதிரி மாறும் பிறப்பு இறப்பு விகிதங்களில் வாழ்ந்தால், கடைசியில் ஒரே வயசுக் கலவைக்கு வந்துவிடுவார்கள். எங்கள் இரண்டு குடும்பமும் அதே ஊரில், அதே ஆஸ்பத்திரி, அதே விலைவாசியில்தானே வாழ்ந்தன?

இரண்டு எச்சரிக்கைகள். யாருமே மாறாத தெருவுக்கு மறதி கிடையாது, கலப்பு வேண்டும். அடுத்தது, மறந்துபோவது வயசு விகிதம்தான், தலைக்கணக்கு அல்ல. எங்கள் வீட்டுப் படத்துக்கு இன்னமும் பெரிய சட்டம் வேண்டியிருக்கிறது. பர்மா வழியில் போனவர்களின் இடம் மற்ற படத்தில் இன்னும் காலிதான்.

தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. தலைமுறை தேயாமலிருக்க சுமார் 2.1 வேண்டும். இனி பாட்டியின் ஒன்பது பிரசவத்தைச் சொல்லிச் சமாளிக்க முடியாது. முன் வரிசையில் யார் உட்காருவார்கள், நாற்காலியில் இருப்பவர்களை யார் கைப்பிடித்து எழுப்புவார்கள் என்பதெல்லாம் நம் காலத்து விகிதங்கள் தீர்மானிப்பவை.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: 'அதெல்லாம் சரிடா. அந்தப் பொண்ணு யார் கூட விளையாடும்?'