கடல் கடந்த மடல்: மறுவீட்டுக்குப் பிறகு

லுண்ட், சுவீடன்

அன்புள்ள மதினிக்கு,

இலஞ்சியிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். கல்யாணத்தை அடுத்த மறுவீட்டுப் பந்தியில் சொதிச் சோறு சாப்பிட்டதைச் சொல்லும்போதே உங்கள் குரல் கம்மிவிட்டது. சர்க்கரை நோய்க்காகச் சோற்றையும் இட்லியையும் ஒதுக்கி, கீரையும் முட்டையும் பனீருமாக இத்தனை வருடம் இருந்தவர், “எல்லாம் போச்சு தம்பி” என்கிறீர்கள். போகவில்லை மதினி. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

அன்று நடந்ததை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. நம் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதிதான். முதல் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கி, எலுமிச்சை பிழிந்து, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கொள்ள வைத்துப் பரிமாறுவார்கள். சம்பந்தி வீட்டார் எதிரே நின்று பார்க்கும்போது சோறு வேண்டாம் என்று இலையை மூடினால், அது சாப்பாட்டோடு நிற்காது, உறவிலும் உறுத்தும். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் சோறில்லாமல் இருப்பது நாள்தோறும் எதிர்நீச்சல்.

மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ ஏறியதாகச் சொன்னீர்கள். அது கொழுப்பு அல்ல. மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற பொருளாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீண்ட நாள் குறைமாவு உணவில் இருப்பவர்களுக்கு அந்தச் சேமிப்பு குறைந்து கிடக்கும். ஒரு விருந்திலேயே அது நிரம்பத் தொடங்கும். ஒரு கிலோ கொழுப்பு உடலில் ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். எந்த மறுவீட்டு இலையும் அவ்வளவு தாங்காது.

சர்க்கரை மானி காட்டிய எண்ணும் அப்படித்தான். மாவுச்சத்தைக் கையாளும் பழக்கம் விட்டுப்போன உடலில், திடீரென்று சோறு இறங்கினால் எண் வழக்கத்தைவிட அதிகமாகவே எகிறும். குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டு வரவேண்டும் என்று மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அந்த ஒற்றை எண்ணை வைத்து உங்கள் நோய் முற்றிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

எனக்குக் கவலையெல்லாம் மறுவீட்டுக்கு அடுத்த வாரங்களைப் பற்றித்தான். “கெட்டது கெட்டுப்போச்சு” என்று திருநெல்வேலி அல்வா, குற்றால சீசனுக்கு வந்த விருந்தாளிகளுக்காக வாங்கிய பார்டர் புரோட்டா, குற்றாலத்து நேந்திரங்காய் சிப்ஸ் என்று போய்விட்டது, இல்லையா? இது உங்கள் ஒருவர் சுபாவம் அல்ல. 1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். உணவுக்கட்டுப்பாட்டில் இருந்த பெண்களில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். வயிறு நிறைந்தவர்கள் குறைவாகச் சாப்பிட வேண்டுமே! மில்க்‌ஷேக் குடித்தவர்கள்தான் ஐஸ்கிரீமும் அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற நினைப்பே கையை நீட்ட வைக்கிறது. அதனால்தான் திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறேன், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். மதியம் சோறு சாப்பிட்டால், இரவுச் சாப்பாடு வழக்கமானதாக இருக்கட்டும்.

விருந்தை ஒரு நாளோடு நிறுத்த இங்கே ஒரு வழக்கம் உண்டு; அதன் பின்கதை மட்டும் கசப்பானது. நான் இருக்கும் இந்த லுண்ட் நகரின் விபேஹோல்ம் காப்பகத்தில், 1940களில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு அவர்கள் சம்மதமின்றி ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பற்சொத்தையை ஆராய்ந்தார்கள். நினைத்தாலே மனம் கொதிக்கும் கொடுமை அது. இனிப்பின் அளவைவிட, அது அடிக்கடி வாயில் படுவதே பல்லைக் கெடுக்கிறது என்று தெரியவந்தது. இனிப்பை வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள் என்ற அறிவுரை அதையொட்டிப் பிறந்தது. இன்றும் இங்கே பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மிட்டாய் உண்டு. உங்கள் கதை பல்லைப் பற்றியதல்ல. வாராவாரம் உங்களுக்கு அல்வாவும் வேண்டாம். ஆனால் விருந்துக்கென்று ஒரு நாளை முன்கூட்டியே குறித்து, அந்த நாளோடு முடிக்கும் வழக்கத்தை இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது சொதியை நிறைய வாங்குங்கள், சோறு ஒரு கரண்டி போதும். உருளைக்கிழங்கு வறுவலை அண்ணன் இலைக்குத் தள்ளிவிடுங்கள். சீசனில் அருவியில் குளித்து வந்தால் பசி பிய்த்தெடுக்கும். தேங்காய்ச் சில்லும் வேர்க்கடலையும் பையில் இருக்கட்டும். இலஞ்சிக் குமாரர் கோயில் சர்க்கரைப் பொங்கலை விரல்நுனி அளவு எடுத்து வாயில் போட்டால் முருகன் குறைவாக அருள மாட்டார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். விருந்து சாப்பிட்ட பயத்தில் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால், சிலவகை மாத்திரையில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

அடுத்த மாதம் தென்காசியில் ஹெச்பிஏ1சி பார்க்கப் போகிறீர்கள். அது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி; கடைசி மாதத்துக்கு அதில் எடை அதிகம். மறுவீட்டு நாள் அதில் தெரியவே தெரியாது, அதன் பிறகான வாரங்கள் தெரியும். இன்று இரவே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அந்தச் சராசரியும் இறங்கத் தொடங்கும். மறுவீட்டு விருந்து, அதற்குப் பிறகான வாரங்கள் இரண்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்