ஜீப் சாமானும் பழைய கிரீஸும்

பழைய ராணுவ ஜீப்புக்கான உதிரிபாகத்தைப் பெட்டியோடு வாங்கியவர்களுக்கு அந்த நெடி மறக்காது. மெழுகுக் காகிதத்தைப் பிரித்தால், உள்ளே இறுகிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக ஏதோ அப்பியிருக்கும். அதுதான் காஸ்மோலின். பிலடெல்பியா நகரத்து ஹவுட்டன் கம்பெனியின் சரக்கு. 19-ஆம் நூற்றாண்டில் புண்ணுக்குத் தடவும் களிம்பாகத்தான் விற்றார்கள். பிறகு இரும்பைக் காக்கும் வேலைக்கு அது போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். உதிரிபாகங்கள் உப்புக்காற்றில் கடல் தாண்டிப் போகவேண்டும் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பூச்சு.

நமக்கு இது புதிதில்லை. அறுப்பு முடிந்ததும் அரிவாளில் விளக்கெண்ணெய் தடவிப் பரணில் போட்டு வைத்தவர்கள்தானே நாம். காற்றும் ஈரமும் இரும்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். விளக்கெண்ணெய் ஒரு மழைக்காலம் தாங்கும். காஸ்மோலின் ஐம்பது வருஷம் ஆனாலும் தாங்கும்.

என் பெரியப்பா மகன் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும், ராணுவ ஏலத்தில் சரக்கு எடுத்த ஒரு வியாபாரியிடம் இரண்டு பெட்டி ஜீப் சாமான் வாங்கினார். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைக்கு ஜீப்புகள் ஏறி இறங்கிய காலம். மகிந்திரா 1947-இல் கோக்க ஆரம்பித்ததே வில்லிஸ் ஜீப்பைத்தான் என்பதால், பழைய பாகங்கள் பல நம்மூர் வண்டிக்கும் பொருந்தும். தன் கையால் ஒரு ஜீப் கட்டவேண்டும் என்பது அண்ணனுக்கு ஆசை. அது நடக்கவில்லை. போன வருஷம் தவறிவிட்டார். பெட்டிகள் மச்சிலேயே கிடந்தன.

கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகன் வந்து, "சித்தப்பா, எல்லாத்தையும் கழுவிப் பளபளன்னு ஆக்கிட்டா கூடுதலா விலை போகும்லா?" என்றான். வாங்க வந்த தரகரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதினிக்கு அந்தப் பணம் தேவையாகவும் இருந்தது. பணிமனையில் முப்பது வருஷம் பிட்டர் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு கியரை எடுத்து, ஓர் ஓரத்தில் மட்டும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். நேற்றுக் கடைந்தது போல இரும்பு மின்னியது. எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மறுபடியும் கிரீஸைப் பூசினேன். "இப்படியே குடுல. வாங்குறவன் வண்டியில மாட்டுற அன்னைக்குக் கழுவிக்கிடட்டும்" என்றேன்.

காரணம் இதுதான். கழுவிய இரும்புக்குத் துணை கிடையாது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஒரே வாரத்தில் செம்மண் நிறம் ஏறிவிடும். வெறுங்கையால் தொட்டால் போதும், வியர்வை உப்பே துருவைக் கொண்டுவரும். அதற்கு அந்தப் பெட்டியிலேயே சாட்சி இருந்தது. எப்போதோ அண்ணன் ஒரு பேரிங்கைப் பிரித்துத் துடைத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார். அதன் வெளிவளையத்தில் பெருவிரல் ரேகை, சுழி சுழியாகத் துருவில் பதிந்திருந்தது. அந்தப் பேரிங் இனி வண்டிக்கு ஆகாது. எமரித்தாளால் தேய்க்கலாமா என்று மகன் கேட்டான். மதினி வாங்கிப் பார்த்துவிட்டு, "அதை விட்டுருங்க தம்பி. அவிய கை அது. அது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்கள். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மற்றதில் இரண்டு பேரிங்கையும் கியரையும் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இன்னும் ஜீப் ஓட்டும் ஒருவர் கிரீஸோடேயே வாங்கிக்கொண்டார். தரகர் சொன்னதைவிடக் குறையாத விலை. பெட்டி பிரியாத சரக்கு என்பதே அவருக்குப் பெரிய விஷயம்.

மாட்டப்போகும் நாளில் மட்டும் துளி விடாமல் கழுவவேண்டும். கிராங்க் ஷாப்ட்டுக்குள் ஆயில் போகும் துளைகள் உண்டு. அதில் காஸ்மோலின் அடைத்திருந்தால் ஆயில் ஏறாது. கொஞ்ச நேரத்திலேயே பேரிங் தீய்ந்துவிடும். பாதி துடைத்து மாட்டுவதைவிடத் துடைக்காமல் பெட்டியில் வைப்பது மேல்.

முறை எளிது. அப்பியிருப்பதை மூங்கில் சிராயால் வழித்தெடுங்கள், கத்தி வேண்டாம். காஸ்மோலின் 45-லிருந்து 52 டிகிரிக்குள் உருகும். கத்திரி வெயிலில் ஒரு தகரத் தட்டில் கம்பிவலை போட்டு அதன்மேல் வைத்தால், மத்தியானத்துக்குள் பெரும்பகுதி தானே வடிந்துவிடும். மிச்சத்தை மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு பிரஷால் தேய்க்கவேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. பக்கத்தில் பீடியும் கூடாது. ரப்பர் சீல்களை மண்ணெண்ணெயில் போட்டால் ஊதிக் கெட்டுவிடும். துளைகளைக் கம்பியால் குத்திக் காற்றடித்துப் பாருங்கள். பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றாதீர்கள்; ஆபத்து. காய்ந்த உடனே மெல்லிசாக ஆயில் பூசுங்கள், பேரிங் என்றால் புது கிரீஸ் அடையுங்கள்.

கழுவிய அழுக்கு எண்ணெயைப் பாளையங்கால்வாயிலோ வீட்டு வாறுகாலிலோ கொட்டவேண்டாம். எல்லாம் கடைசியில் தாமிரபரணித் தண்ணீரில்தான் போய்ச் சேரும். மரத்தூளில் ஊறவைத்துத் தனியாக அள்ளி வையுங்கள், அல்லது கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

வயதான நம் போன்றவர்களுக்கு இன்னொன்று. மச்சில் இப்படிப் பெட்டி ஏதாவது இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது, எந்த வண்டிக்கு ஆகும், யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சீட்டு எழுதி மேலே ஒட்டிவிடுங்கள். கிரீஸுக்குள் இருப்பது நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. இல்லையென்றால் கழுவிக் கெடுப்பார்கள், அல்லது காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.